பலேர்மோ கப்பலுக்கு உப்புப் பார்த்த வாரம்

ஒரு கப்பலுக்காகச் சாப்பிட்டுப் பார்க்க என்னை லண்டனுக்கு அழைத்திருந்தார்கள். அந்தக் கப்பலைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை. அது அப்போது எங்கோ ஸ்பெயின் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. அதன் சாப்பாட்டைத் தீர்மானிக்கும் சமையலறை மட்டும் தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே, பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. கீழே மரச்சாமான் கடை. மேலே போகும் படிக்கட்டு வரைக்கும் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

அது 2009 அக்டோபர். நான் சென்னையில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வேலை பார்த்தேன். மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் ஏறும் இந்தியர்கள் பெருகுகிறார்கள், அவர்கள் நாக்கையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம் என்று அந்தச் சமையல் நிறுவனம் நினைத்ததால் எனக்கு அழைப்பு. என்னோடு நார்வேயிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒரு பெண்மணி, ஒரு ஆங்கிலேயர். மொத்தம் நான்கு நாக்குகள்.

திங்கட்கிழமை மரிசா எங்களை உட்கார வைத்து விளக்கினார். மால்டா தீவுக்காரர், ஐம்பது வயது இருக்கலாம். இருபது வருடம் கப்பல் சமையலறைகளில் நின்றவர் என்பதை அவர் நிற்கிற விதமே சொன்னது. தரை ஆடினாலும் விழமாட்டார் என்பதுபோல் கால்களை அகட்டி நின்றார்.

"கப்பல் தினம் ஒரு ஊரில் நிற்கிறது. சாப்பாடு மட்டும் ஏழு நாளும் ஒரே ஊரில் நிற்கிறது. பயணிகள் அதைத்தான் புகாராக எழுதுகிறார்கள்" என்றார்.

விஷயம் இதுதான். கப்பல் காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி ஒரு தேவாலயம், ஒரு சந்தை, ஒரு ஐஸ்கிரீம் என்று சுற்றிவிட்டு மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுவார்கள். சந்தையில் பார்த்ததைச் சாப்பிட நேரம் இருந்திருக்காது. இரவு மேசையில் அது வரும் என்று காத்திருப்பார்கள். வருவதோ பார்சலோனாவிலும் நேப்பிள்ஸிலும் இஸ்தான்புல்லிலும் ஒரே தட்டு: ஆலிவ் காய், சுட்ட கத்தரிக்காய், ஒரு துண்டு சீஸ். 'மத்தியதரைக் கடல் உணவு' என்று பெயர். தோசையையும் ஆப்பத்தையும் பரோட்டாவையும் ஒரே தட்டில் வைத்து தென்னிந்திய உணவு என்று சொல்வதைப் போலத்தான்.

இனி ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அந்த ஊர்ச் சமையல் என்று முடிவாகியிருந்தது. அதற்கான செய்முறைகளை எழுதி, கப்பல் சமையல்காரர்களுக்குப் பழக்கிவிட லண்டனில் ஒரு ஆள் வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை வேலை. மூன்று பேரைக் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை அவர்கள் சமைப்பார்கள், நாங்கள் மதிப்பெண் போடுவோம். அதுவரை ஒரு ருசிபார்ப்பவர் ஒரு சமையல்காரரோடு கூடவே போய், சாமான் வாங்குவதிலிருந்து பார்க்க வேண்டும்.

பட்டியலை நீட்டினார். ஜெனோவாவிலிருந்து ஒருவர். இஸ்மிரிலிருந்து ஒரு பெண். மூன்றாவது பெயருக்கு எதிரே பலேர்மோ, சிசிலி என்று இருந்தது. பெயர் யோகநேசன், சுருக்கமாக நேசன்.

"உங்களுக்கு இவரைப் போட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே மொழி என்றார்கள்" என்றார் மரிசா.

ஈஸ்ட் ஹாமில் நேசன் வேலை செய்த உணவகத்தை மறுநாள் பிற்பகல் கண்டுபிடித்தேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கியதும் லண்டன் என்ற எண்ணம் போய்விடுகிறது. முருங்கைக்காயை அரையடித் துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்டிக் உறையில் கட்டி அடுக்கியிருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்த ஒரு பெண் கடைக்காரரிடம், "என்ன இது, பென்சில் மாதிரிக் கிடக்கு" என்றார். "பென்சிலைவிட மெல்லிசு எண்டால் மாத்தித் தாறன் அக்கா" என்றார் அவர்.

நேசனுக்கு நாற்பத்தைந்து வயது. சற்றுப் பருத்த, அமைதியான மனிதர். பேசும்போது கை சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் பதினேழு வருடம் பலேர்மோவில் இருந்தவர். ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்து அங்கேயே தலைமைச் சமையல்காரராக வந்தார். மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று மூன்று வருடம் முன்பு லண்டனுக்குக் குடும்பத்தோடு மாறிவிட்டார். இங்கே கொத்து ரொட்டி போடுகிறார்.

"பலேர்மோவிலை இத்தாலிக்காரருக்கு இத்தாலிச் சாப்பாடு சமைச்சன். லண்டனிலை எங்கடை ஆக்களுக்குக் கொத்து. ஆர் நினைச்சது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு விவரம் போலச் சொன்னார்.

இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கிற கேள்வி.

"நான் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கிறன். முடிய நடுச்சாமம். மகள் பள்ளிக்கூடத்தாலை வரேக்கை நான் இல்லை. நான் எழும்பேக்கை அவள் இல்லை. ஒரு வீட்டிலைதான் இருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்திக்கிறம். எட்டு தொடக்கம் நாலு எண்டால் பிள்ளையோடை பின்னேரம் இருக்கலாம். அவ்வளவுதான் அண்ணை."

புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள். வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். மாடிப்படி ஏறியதும் அவர் மனைவி சுகந்தி ஒரு தட்டு மட்டும் போட்டார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. நான் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க சாப்பிடலையா?"

"நாங்கள் கந்தசஷ்டி விரதம்" என்றார் நேசன். "ஆறு நாளும் பாலும் பழமும்தான். திங்கள் தொடங்கினது."

சுகந்தியின் தம்பி வவுனியாப் பக்கம் முகாமில் இருந்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் உயிரோடிருக்கிறார் என்பது மட்டும் தெரியும். வெளியே விட வேண்டும் என்று இருவரும் நேர்ந்திருந்தார்கள். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "இருங்கோ அண்ணை, இன்னும் ரெண்டு கரண்டி போடுறன். காணும் எண்டு சொல்லாதேங்கோ" என்று சுகந்தி எழுந்தார்.

இரண்டு பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் சாப்பிடுவது எளிதல்ல. எனக்கு அப்போது ஒரு கணக்கு ஓடியது. வியாழக்கிழமை சஷ்டியின் நான்காம் நாள்.

"நாளைக்கு மீன் சமைக்கணுமே?"

"தொடுறது வேறை, வாயிலை வைக்கிறது வேறை. வேலையெண்டால் தொடலாம்."

"ருசி பார்க்காமலா?"

"மணத்திலை தெரியும் அண்ணை. பதினேழு வருசம்."

"உவர் பலேர்மோவிலையும் இப்பிடித்தான்" என்றார் சுகந்தி. "முதலாளி வைன் குடிச்சுப் பார் எண்டு குடுத்தால் மணந்து பார்த்திட்டுத் திருப்பிக் குடுத்திடுவார். அந்தாளும் பாவம், நல்ல மூக்கெண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சுது."

விரத வாரத்தில் வீட்டில் மீன் சமைக்கவில்லை. அதனால் நாளைய மீன் சாற்றை அவர் ஒத்திகை பார்க்கவும் முடியவில்லை. எந்த மீன் முதலில், எது பிறகு என்று காற்றில் கையால் சட்டியை வரைந்து எனக்குக் காட்டினார். மாவு வேலையை மட்டும் உண்மையாகவே செய்து காட்டினார்.

அவர் சமைக்கப்போவது சிசிலியின் மேற்குக் கரையில் செய்கிற கூஸ்கூஸ். அரேபியர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன உணவு. கரடுமுரடான கோதுமை ரவையை அகலத் தட்டில் கொட்டி, உப்புத் தண்ணீரை விரலால் தெளித்துத் தெளித்து, உள்ளங்கையால் வட்டமாக உருட்டி மணி மணியாக்குகிறார்கள். பிறகு ஓட்டைச் சட்டியில் போட்டு, கீழ்ச் சட்டிக்கும் மேல் சட்டிக்கும் நடுவே ஆவி போகாமல் மாவால் பூசி, ஒன்றரை மணி நேரம் அவிக்கிறார்கள். வெந்ததும் மீன் சாற்றை ஊற்றிக் கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் தூங்க வைக்கிறார்கள்.

"முதல் நாள் பார்த்த உடனை சிரிப்பு வந்திட்டுது" என்றார் நேசன். "புட்டெல்லோ இது."

மூன்றரை மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பதினான்கு வயது. அப்பாவிடம் கோபமென்றால் இத்தாலிய மொழியும் மற்ற நேரம் ஆங்கிலமும் பேசுவாள் என்று சுகந்தி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று ஆங்கிலம். "அப்பா, ஒரு கரண்டிதானே. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாமே" என்றாள்.

"துப்பினால் விரதத்தையும் சேர்த்துத் துப்பினதுதான்" என்றார் சுகந்தி.

நேசன் ரவையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

வியாழன் விடியற்காலை பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை. வங்கிக் கட்டடங்களின் கண்ணாடிக் கோபுரங்களுக்குக் கீழே ஒரு மஞ்சள் கூரை. காசிமேட்டை மனதில் வைத்துப் போனவனுக்கு அங்கே இரண்டு அதிர்ச்சி. ஒன்று, தரை காய்ந்திருந்தது. இன்னொன்று, யாரும் கூவவில்லை. மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நேசன் பெரிய மீன்களைத் தாண்டிப் போனார். மூலையில் ஒரு பெட்டியில் சிவப்பாக, தலை முழுக்க எலும்பாக ஒரு மீன். கர்னார்ட் என்று பெயர். கண்ணைப் பார்த்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார்.

"நண்டுக் கூடைக்கு இரையா?" என்று கேட்டார் மீன்காரர். ஆங்கிலேயர்கள் இதை அதற்குத்தான் அதிகம் வாங்குவார்களாம்.

"இல்லை, உங்கள் நாட்டுக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு" என்றார் நேசன்.

மீன்காரர் சிரித்து, ஒரு மீனைக் கூடப் போட்டார். சாற்றுக்கு ருசி தருவது சதையல்ல, அந்த எலும்புத் தலைதான் என்று நேசன் எனக்கு வெளியே வந்த பிறகு சொன்னார். உள்ளே சொன்னால் விலை ஏறிவிடும்.

திரும்பும் வழியில் ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றது. ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. பிறகு அதுவும் பேசவில்லை. எங்கள் காலடியில் மீன் பெட்டி. பத்தாவது நிமிடம் ரயில் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. நம் ஊர் ரயிலாக இருந்தால் இந்நேரம் என்ன மீன், எங்கே வாங்கினீர்கள், எப்படி வைப்பீர்கள் என்று மூன்று பேர் கேட்டிருப்பார்கள். இங்கே ஒவ்வொருவராக இலவசப் பத்திரிகையை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தார்கள். இருபதாவது நிமிடம் ஒரு முதியவர் மட்டும் தன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "புதிய மீன்தான், அது வரைக்கும் சந்தோஷம்" என்றார்.

ரயில் நகர்ந்தபோது நேசன் மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் போயிருந்தது.

சோதனைச் சமையலறையில் மூன்று மேடைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எவர்சில்வர் குவளைகள். ஒன்றில் சுத்தமான கரண்டிகள், மற்றது காலி. ருசி பார்த்த கரண்டியைக் காலிக் குவளையில் போட வேண்டும், மறுபடி சட்டியில் விடக் கூடாது. பக்கத்தில் ஒரு படிவம். நேரம், சூடு, ருசி பார்த்தவர், அதன்பின் மாற்றியது என்று கட்டங்கள்.

ஜெனோவாக்காரர் கடலைமாவைக் கரைத்து பெரிய தாம்பாளத்தில் ஊற்றி ஓவனுக்குள் வைத்தார். வெளியே வந்தபோது அது நம் கடலைமாவு அடையேதான், மிளகாய் மட்டும் இல்லை. இஸ்மிர்ப் பெண் ஆர்ட்டிசோக் என்ற பூ மொட்டுகளை ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவைத்தார். சூடாகச் சாப்பிடவே கூடாதாம். இருவரும் ஓயாமல் ருசி பார்த்தார்கள். கரண்டிகள் குவளையில் விழும் ஓசை சுவர்க் கடிகாரம் போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

நேசன் மேடையில் அந்த ஓசை இல்லை.

தாமதத்தை ஈடுகட்ட அவர் வேகமாக இருந்தார். முதலில் கப்போனாத்தா. பொரித்த கத்தரிக்காயில் செலரித் தண்டு, ஆலிவ், தக்காளி போட்டு வினிகரும் சர்க்கரையும் சேர்த்து இறக்குகிற புளிப்பு இனிப்புத் தொடுகறி. அதில் கேப்பர் என்று ஒரு மொட்டு விழும். சுண்டைக்காயைவிடச் சிறியது. பலேர்மோவில் அது கல் உப்பில் புதைத்து வரும், கழுவிப் போடுவார்கள். இங்கே மேடையில் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீரில் மிதந்தது. உப்புத் தண்ணீர் என்று எண்ணி நேசன் ஒரு தரம் அலசிப் போட்டார். அது வினிகர். சட்டியில் ஏற்கெனவே வினிகர் கொதித்துக்கொண்டிருந்ததால் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் அவருடைய இரண்டாவது குவளை காலியாக இருக்கிறது என்பது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பார்க்க வந்தவன், பார்த்தேன்.

பதினொன்றரைக்கு மரிசா கப்போனாத்தாவை ருசி பார்த்தார். முகம் மாறவில்லை. தண்ணீர் குடித்தார். காலிக் குவளையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"ருசி பார்த்தீர்களா?"

"இல்லை" என்றார் நேசன்.

"உடம்புக்கு ஏதாவதா?"

"விரதம். சனிக்கிழமை வரை."

மரிசாவின் கழுத்திலும் ஒரு சிலுவை இருந்தது. "உங்கள் விரதம் உங்களுடையது. அதில் நான் தலையிட மாட்டேன்" என்றார். "ஆனால் இந்தச் சட்டி தொள்ளாயிரம் பேருக்குப் போகும். யாரும் ருசி பார்க்காத சட்டியை நான் அனுப்ப முடியாது. நீங்கள் பார்க்க வேண்டாம். யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். ஏன் யாரையும் கேட்கவில்லை?"

நான் மூன்றடி தூரத்தில், கையில் குறிப்பேட்டோடு நின்றேன். நேசன் என்னைப் பார்க்காமல் கவனமாக அடுப்பைப் பார்த்தார். கூஸ்கூஸ் வெந்துகொண்டிருந்தது. மீன் சாறு கொதிக்க ஆரம்பித்திருந்தது. பரிமாற ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கப்போனாத்தா போய்விட்டது. இதுவும் போனால் அவர் இரண்டு மணி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நான் பார்க்கிறேன்" என்றேன்.

மரிசா என்னைப் பார்த்தார். "சமையலில் கை வைத்தால் மதிப்பெண் போட முடியாது. தெரியுமா?"

மதிப்பெண் தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"அண்ணை, கேக்கேல்லை எண்டு குறை நினையாதேங்கோ" என்றார் நேசன், குரலைத் தாழ்த்தி. "வீட்டுக்கு வந்து கை நனைச்ச ஆள் நீங்கள். விருந்தாளியைப் பிடிச்சு உப்புப் பார் எண்டு சொல்லிறது முறையில்லை. அது வீட்டுக்காரற்றை வேலை."

"நேத்து விருந்தாளி. இப்ப கரண்டியைக் கொடுங்க."

அவர் உடனே கொடுக்கவில்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் பத்து கிராம் உப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கினார். ஒரு கரண்டி நீட்டினார்.

"முதல் இதைக் குடியுங்கோ. எப்பிடி?"

"எங்க வீட்டு ரசத்தைவிடக் குறைச்சல்."

"எவ்வளவு குறைச்சல்?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல."

"அப்ப உங்கடை வீட்டு ரசம் கடல்" என்றார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "இந்தத் தண்ணியை நாக்கிலை வைச்சுக்கொள்ளுங்கோ. சாறு இதோடை ஒத்திருக்க வேணும். நல்லா இருக்கோ இல்லையோ எண்டு சொல்ல வேண்டாம். கூடவோ குறையவோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

முப்பது வருடம் உணவைப் பற்றி எழுதியவனுக்கு இப்படி ஒரு கட்டளை யாரும் போட்டதில்லை. சாற்றைக் குடித்தேன். தக்காளி, பூண்டு, பாதாம் அரைத்தது, எலும்பின் பசை. இதையெல்லாம் அவர் கேட்கவில்லை. "குறைச்சல்" என்றேன். நிறுத்துப் போட்டார். மறுபடி வெந்நீர், மறுபடி சாறு. "இன்னும் கொஞ்சம்." ஐந்து கரண்டிகள் காலிக் குவளையில் விழுந்தன. ஐந்தாவதில் சரி என்றேன். படிவத்தில் ருசி பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். உப்பு, லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம்.

வெந்த மணிகளில் சாற்றை ஊற்றினார். கம்பளிக்கு அங்கே அனுமதியில்லாததால் நான்கு வெள்ளைத் துவாலைகளால் சுற்றி ஓரமாக வைத்தார்.

ஒரு மணிக்கு மூன்று நாக்குகள் சாப்பிட்டன. நான் சுவரோரம் நின்றேன். நார்வேக்காரர் இரண்டாம் முறை வாங்கினார். கனடாப் பெண்மணி எலும்புத் தலையைத் தட்டுக்கு ஓரமாக ஒதுக்காமல் பிரித்துச் சாப்பிட்டார். ஆங்கிலேயர் என்ன மீன் என்று கேட்டார். சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். இருவர் தண்ணீர் கேட்டார்கள்.

மரிசா கடைசியாக ஒன்று கேட்டார். "கையால் உருட்ட எவ்வளவு நேரம் ஆனது?"

"பத்துப் பேருக்கு முக்கால் மணி."

"தொள்ளாயிரம் பேருக்கு?"

மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜெனோவாக்காரரின் அடையைத் தாம்பாளம் தாம்பாளமாக ஊற்றலாம். இதை எப்படி?

நேசன் ஒரு பெரிய தாம்பாளத்தை இழுத்து ரவையைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசிறினார். அலமாரியில் இருந்த ஒரு காலித் தகரக் குவளையை எடுத்துக் கவிழ்த்து, அதன் விளிம்பால் மாவைக் கொத்த ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் புட்டுக்கு மாவு கொத்துகிற அதே கை. டக் டக் என்று கட்டிகள் உடைந்து, உடைந்தவை சிறுத்து, மணியாகின. கண்ணுள்ள வடிகட்டியில் போட்டுக் குலுக்கினார். மரிசா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு நிமிடம்" என்றார். "இது சிசிலி முறையா?"

"சிசிலி மாவு" என்றார் நேசன்.

"பலேர்மோக்காரர் பார்த்தா ஒத்துக்குவாங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

"பார்க்க விடக் கூடாது அண்ணை."

மூன்று மணிக்கு மரிசா அவரைத் தனியே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு என்பதால் எங்களுக்குப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. மரிசா விரல்விட்டு ஏதோ சொன்னார். நேசன் தலையாட்டினார். பிறகு வெளியே வந்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கப்போனாத்தா தோல்வி, திரும்பச் செய்து காட்ட வேண்டும். கூஸ்கூஸை எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு வாரம் தற்காலிகமாக வேலை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டும். இரண்டாவது குவளை காலியாக இருந்தால் அன்றோடு சரி.

"சஷ்டி சனியோடை முடியுது" என்றார். "கேட்டவ, திங்கள் எண்டால் பிரச்சினை இல்லைத்தானே எண்டு. இல்லை எண்டன்."

மிச்சக் கூஸ்கூஸை ஒரு டப்பாவில் அடைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மீன். சமையலறைக் குளிர்ப்பெட்டியில் ஒரு மூலையில் வைத்துப் பெயர் எழுதி ஒட்டினார். அவர் சமைத்ததை மூன்று நாட்டார் சாப்பிட்டாயிற்று, நான் ஐந்து கரண்டி குடித்தாயிற்று. அவர் மட்டும் இன்னும் சாப்பிடவில்லை. வேலை பார்த்த உணவகத்துக்குப் போன் செய்து, இரண்டு மணிக்கே வராததற்கு மன்னிப்புக் கேட்டு, இன்றைக்கு இனி வர முடியாது என்றார். மணி மூன்றே கால். மகள் வர இன்னும் கால் மணி இருந்தது. பஸ் பிடிக்க ஓடினார்.

அடுத்த மூன்று நாளும் நான் மற்ற நாக்குகளோடு லண்டனில் சுற்றினேன். சனிக்கிழமை மாலை லூயிஷாம் சிவன் கோயிலில் சூரசம்ஹாரத்தில் அவர்கள் மூவரையும் கூட்டத்துக்குள் தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்தில் போக முடியவில்லை. சுகந்தி சாமியைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்தில் செக்யூரிட்டி வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. மணி எட்டு இருபது. பின்னால் பாத்திரச் சத்தம்.

"அண்ணை, நேசன். விமானம் ஏறிட்டியளோ?"

"இன்னும் இல்லை. முகாம்ல இருந்து ஏதாவது செய்தி?"

"இன்னும் இல்லை. வரும்." என்றார். "நான் இஞ்சை வேலைக்கு வந்திட்டன். வந்த உடனை அந்த டப்பாவை எடுத்துச் சுடவைச்சுச் சாப்பிட்டுப் பார்த்தன்."

"எப்படி இருக்கு?"

"சாறு நல்லா வந்திருக்கு. ஆனால் உப்புக் கூட. நீங்கள் தண்ணியையும் சாற்றையும் மாறி மாறிக் குடிக்க உங்கடை மெட்ராஸ் நாக்கு முழிச்சிட்டுது போலை."

வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்ட இருவரைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

"மரிசாவிடம் சொன்னீங்களா?"

"சொல்லாமல்? படிவத்திலை பன்னிரண்டை வெட்டிப் பத்து எண்டு எழுதிப்போட்டன். உங்கடை பெயருக்குக் கீழை என்ரை பெயரையும் எழுதினன். உங்களுடையதை அழிக்கேல்லை" என்றார். "சரி அண்ணை, வைக்கிறன். கேப்பர் ஜாடி திறந்து வைச்சிருக்கு. முதல் அதைத் தின்று பார்க்க வேணும்."